கடைசி வார்த்தை வரை காத்திருக்கும் பார்சர்: அதை எப்படி டெஸ்ட் செய்வது?

பார்சர் என்பது ஒரு வரியை மொழியின் விதிகளோடு பொருத்திப் பார்த்து அதன் அமைப்பைக் கண்டுபிடிக்கும் நிரல். அந்த விதிகளை எழுதிய இலக்கண ஃபைலைப் பார்சர் ஜெனரேட்டரிடம் கொடுத்தால் அது பார்சரை எழுதித் தந்துவிடுகிறது. கையால் எழுதாத நிரலை எதற்கு டெஸ்ட் செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. யாக், பைசன், ஆன்ட்லர் போன்ற ஜெனரேட்டர்கள் எல்லாம் பல பேர் கைபட்டுத் தேறியவை; விதியை நிரலாக மாற்றுவதில் அவை தவறுவது அபூர்வம். ஆனால் நாம் எழுதிய விதியும் நாம் மனதில் வைத்திருந்த மொழியும் ஒன்றுதானா என்பது ஜெனரேட்டருக்குத் தெரியாது. அதிலும், எந்த விதியைத் தேர்வது என்று முடிவெடுக்க எத்தனை டோக்கன் (சொல், எண் போன்ற துண்டு) முன்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு வரம்பே இல்லாத மொழியாக இருந்தால், வழக்கமான டெஸ்ட்கள் எல்லாம் பாஸ் ஆன பிறகும் தவறு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

## ஒரு மண்டிக் குறிப்பு

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை போனில் தட்டி அனுப்பும் வரியை அது படித்துப் பதிய வேண்டும். வரி இரண்டு வகை:

தோத்தாபுரி 40 22, செந்தூரா 25 20 வரவு

தோத்தாபுரி 40 22, செந்தூரா 25 20 விற்பனை

முதல் வரியின் பொருள்: தோத்தாபுரி 40 பெட்டி வந்தது, பெட்டிக்கு 22 கிலோ. இரண்டாவது வரியின் பொருள்: தோத்தாபுரி 40 பெட்டி விற்றது, கிலோ 22 ரூபாய். அந்த 22 கிலோவா, ரூபாயா என்பது வரி முடியும்போதுதான் தெரியும். வரியில் இரண்டு ரகம் இருந்தாலும் அப்படித்தான், நாற்பது இருந்தாலும் அப்படித்தான்.

இதை விதியாக எழுதினால்:

வரி: வரவு-வரி அல்லது விற்பனை-வரி

வரவு-வரி: காற்புள்ளியால் பிரித்த வரவு-இனங்கள், கடைசியில் "வரவு"

விற்பனை-வரி: காற்புள்ளியால் பிரித்த விற்பனை-இனங்கள், கடைசியில் "விற்பனை"

வரவு-இனம்: ரகம், எண் (பெட்டி), எண் (கிலோ)

விற்பனை-இனம்: ரகம், எண் (பெட்டி), எண் (விலை)

"வரவு" என்பதை முதலில் போடச் சொன்னால் சிக்கலே இல்லையே என்று தோன்றும். வாஸ்தவம்தான். ஆனால் தமிழில் எழுதுகிறவர் வினையைக் கடைசியில்தான் வைப்பார். மென்பொருளுக்காக மண்டிக்காரர் தன் எழுத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்.

## லுக்அஹெட்: எத்தனை டோக்கன் தூரம்

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. டோக்கன்: பார்சருக்கு முன்னால் ஓடும் லெக்சர் என்ற பகுதி எழுத்துகளைச் சேர்த்துத் தரும் துண்டு. மேலே தோத்தாபுரி, 40, காற்புள்ளி, வரவு ஒவ்வொன்றும் ஒரு டோக்கன்.
2. முடிவுப் புள்ளி: இரண்டு விதிகளில் எது என்று பார்சர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம்.
3. லுக்அஹெட்: அந்த முடிவுக்காக, இன்னும் உள்வாங்காத டோக்கன்களை எட்டிப் பார்ப்பது.

ஒரே ஒரு டோக்கனைப் பார்த்து முடிவெடுப்பது எல்எல்(1). பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி உட்பட எங்கே கம்பைலர் பாடம் படித்தாலும் இதன் அட்டவணையைக் கையால் போடாமல் தப்பிக்க முடியாது. கே டோக்கன் என்றால் எல்எல்(கே). இடமிருந்து வலமாகப் படித்து, விதியின் கடைசி வரை போய் முடிவெடுக்கும் எல்ஆர்(கே) முறையை டொனால்ட் நூத் 1965-இல் வரையறுத்தார். யாக் பயன்படுத்துவது அதன் சுருக்க வடிவமான எல்ஏஎல்ஆர்(1).

நம் மண்டி வரியில் ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று டோக்கன், நடுவே காற்புள்ளி. கணக்குப் போட்டால், n இனங்கள் உள்ள வரியில் முடிவைச் சொல்லும் டோக்கன் 4n-ஆவது இடத்தில் இருக்கிறது. ஒரு இனம் என்றால் 4, நாற்பது என்றால் 160. கே எவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்தாலும் அதைத் தாண்டும் வரி ஒன்றை எழுதிவிடலாம். "வரம்பற்ற லுக்அஹெட்" என்பது இதுதான்.

இது மண்டிக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் அடைப்புக்குறிக்குள் "அ, ஆ, இ" என்று வந்தால், அது சாதாரணக் கோவையா (எக்ஸ்பிரஷன்), அம்புக்குறிச் சார்பின் அளவுருப் பட்டியலா என்பது அடைப்பு முடிந்து அம்புக்குறி வருகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். 2015 பதிப்பு இரண்டையும் உள்ளடக்கும் ஒரே பொது விதியை வைத்து, பிறகு பிரித்துப் பொருள் கொள்கிறது. சி++ மொழியில் ஒரு வாக்கியம் அறிவிப்பா, கோவையா என்று தீர்க்க முழு வாக்கியத்தையும் பார்க்க நேரலாம் என்று அதன் தரநிலையே சொல்கிறது. பைதான் தொடக்கத்திலிருந்து எல்எல்(1) பார்சரை வைத்துக்கொண்டு, சமச்சின்னத்தின் இடப்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் இலக்கணத்தில் அனுமதித்துவிட்டு, அடுத்த கட்டத்தில் வடிகட்டியது. 2020-இல் வந்த 3.9 பதிப்பில் அதை விட்டு, விதிகளை வரிசையாக முயன்று பார்க்கும் பெக் வகைப் பார்சருக்கு மாறியது.

## ஜெனரேட்டர்கள் இதைச் சமாளிக்கும் விதம்

டெஸ்ட் எதைக் குறிவைக்க வேண்டும் என்பது ஜெனரேட்டரின் வழியைப் பொறுத்தது.

யாக் வழியில் மேலே உள்ள விதிகளைக் கொடுத்தால் மோதல் எச்சரிக்கை வரும்: முதல் இனம் முடிந்து காற்புள்ளி வந்ததும் அதை வரவு-இனம் என்று மடக்குவதா, விற்பனை-இனம் என்று மடக்குவதா? யாக் எச்சரித்துவிட்டு, ஃபைலில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே எடுத்துக்கொள்ளும். பார்சரும் உருவாகிவிடும்.

ஆன்ட்லரின் மூன்றாம் பதிப்பு எல்எல்(*) என்ற முறையைப் பின்பற்றியது: சுழலும் நிலை இயந்திரம் ஒன்றைக் கட்டி, "ரகம் எண் எண் காற்புள்ளி" என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் கடந்துபோய் கடைசி வார்த்தையைப் பார்க்கும். அடைப்புக்குள் அடைப்பு என்று தன்னைத்தானே அழைக்கும் விதி வந்தால் அந்த இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது, முயன்று பார்த்துத் தோற்றால் திரும்பி வரும் பேக்டிராக்கிங்குக்குப் போகும். நான்காம் பதிப்பின் ஏஎல்எல்(*) முறை, ஓடும்போதே இரண்டு விதிகளையும் இணையாக ஓட்டிப் பார்த்து, ஒன்று மட்டும் மிஞ்சியதும் நிற்கும். கண்டுபிடித்ததை அடுத்த முறைக்காக நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெக் வழியில் விதிகளுக்கு வரிசை உண்டு. முதலில் வரவு-வரி என்று முயலும். கடைசியில் "விற்பனை" வந்து தோற்றால் ஆரம்பத்துக்குத் திரும்பி விற்பனை-வரி என்று மறுபடி படிக்கும்.

## சின்ன டெஸ்ட்கள் ஏன் ஏமாற்றுகின்றன

யாக் உதாரணத்தையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நான்கு டெஸ்ட் எழுதுகிறோம்.

1. ஒரு இனம், வரவு. பாஸ்.
2. ஒரு இனம், விற்பனை. பாஸ். இனத்துக்கு அடுத்த டோக்கனே "விற்பனை" என்பதால் மோதலே எழுவதில்லை.
3. இரண்டு இனம், வரவு. பாஸ். மோதல் எழுகிறது, ஆனால் யாக் எடுத்துக்கொண்ட பக்கம் தற்செயலாகச் சரி.
4. இரண்டு இனம், விற்பனை. ஃபெயில். முதல் காற்புள்ளியிலேயே வரவு என்று முடிவாகிவிட்டது. கடைசியில் "விற்பனை" என்ற வார்த்தையைப் பிழை என்று காட்டுகிறது. அந்த வரியில் தவறில்லாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

டெஸ்ட் எழுதுகிறவர்கள் பொதுவாக முதல் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு விதிக்கும் ஓர் உதாரணம், பட்டியலுக்கு ஓர் உதாரணம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது அல்லவா? எத்தனை விதிகள் டெஸ்ட்டில் ஓடின என்று சொல்லும் விதிக் கவரேஜ் ரிப்போர்ட்டும் நூறு சதவீதம் என்று பச்சை காட்டும். அதனால்தான் இந்த வகைப் பார்சருக்கு விதிக் கவரேஜ் மட்டும் போதாது என்கிறேன். முடிவுப் புள்ளிக்கும் முடிவைச் சொல்லும் டோக்கனுக்கும் உள்ள தூரத்தைத் தனி அளவாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தூரத்திலும் இரண்டு பக்கத்தையும் சோதிக்க வேண்டும்.

எந்தெந்தத் தூரம்? 1, 2, 3 இனங்கள் கட்டாயம். அப்புறம் 2-இன் அடுக்குகளும் அவற்றுக்கு அடுத்த எண்களும்: 16, 17, 64, 65, 256, 257. காரணம், எட்டிப் பார்த்த டோக்கன்களைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர்களின் அளவு பெரும்பாலும் 2-இன் அடுக்காக இருக்கும். பஃபர் 64 டோக்கன் என்றால், 16 இனங்கள் உள்ள வரி சரியாக 64-ஆவது டோக்கனில் முடிவு சொல்லும், பாஸ் ஆகும். 17 இனங்களுக்கு 68 டோக்கன் வேண்டும். பஃபரை நீட்டும் நிரலில் தவறு இருந்தால் அங்கேதான் தெரியும். கடைசியாக, யாரும் தட்டவே மாட்டார்கள் என்ற அளவில் நீளமான வரி ஒன்று, பத்தாயிரம் இனங்களோடு.

## ஏற்றுக்கொண்டது போதாது, மரத்தைப் பார்க்க வேண்டும்

பார்சர் வரியை ஏற்றுக்கொண்டதா, தள்ளியதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் இங்கே பாதி குருடு. பெக் வழியில் முதல் விதி கொஞ்சம் தளர்வாக எழுதப்பட்டிருந்தால் விற்பனை வரியையும் அதுவே விழுங்கிவிடும். பிழையே வராது, கணக்கில் மட்டும் 22 ரூபாய் 22 கிலோவாகப் பதிவாகும். ஆகவே ஒவ்வொரு டெஸ்ட்டும், வரியைப் பிரித்துப் பார்சர் கட்டித் தரும் மரத்தின் உச்சிக் கணு எது, ஒவ்வொரு இனமும் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு பள்ளம்: ஆன்ட்லரில் தொடக்க விதியின் கடைசியில் ஃபைல் முடிவு டோக்கனைப் போட மறப்பது. மறந்தால் பார்சர் தனக்குப் புரிந்த முன்பகுதியை மட்டும் படித்துவிட்டு, மீதியைக் கண்டுகொள்ளாமல் வெற்றி என்று திரும்பும். சரியான வரியின் பின்னால் ஒரு குப்பை வார்த்தையை ஒட்டி, அது பிழை தருகிறதா என்று பார்த்தால் போதும்.

ஆன்ட்லர் நான்கில் இன்னொரு வசதி உண்டு. பொருள் மயக்கங்களைச் சொல்லும் கண்டறிதல் லிசனரை மாட்டிவிட்டு, துல்லிய மயக்கக் கண்டறிதல் முறையில் டெஸ்ட்களை ஓட்டினால், ஒரே உள்ளீடு இரண்டு விதிகளுக்கும் பொருந்தும் இடங்களைச் சொல்லிவிடும். மெதுவாக ஓடும், ஆனாலும் டெஸ்ட்டில் அதை அணைத்து வைப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

## சரியான விடைக்கு எங்கே போவது

ஆயிரக்கணக்கில் வரிகளை உருவாக்கினால் ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடையை யார் எழுதுவது? வழி மூன்று.

1. மரத்திலிருந்து தொடங்குவது. தற்செயலாக ஒரு மரத்தைக் கட்டு, அதை வரியாக அச்சிடு, அந்த வரியைப் பார்சரிடம் கொடு, கிடைத்த மரம் பழைய மரம்தானா என்று ஒப்பிடு. விடை முதலிலேயே கையில் இருக்கிறது. குவிக்செக் போன்ற கருவிகள் தோற்ற உதாரணத்தைத் தாமே சுருக்கியும் தரும். அது 17 இனங்களில் வந்து நின்றால் பஃபரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

2. இலக்கணத்திலிருந்து வாக்கியம் தயாரிப்பது. பார்சர்களைச் சோதிக்க வாக்கியங்களைத் தானாக உருவாக்கும் முறையை பால் பர்டம் 1972-லேயே வெளியிட்டார். ஆனால் அவருடைய நோக்கம் குறைவான, குட்டையான வாக்கியங்களில் எல்லா விதியையும் தொடுவது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: பட்டியல்களை வேண்டுமென்றே நீட்டும் ஜெனரேட்டர்.

3. மெதுவான, ஆனால் நம்பகமான இன்னொரு பார்சரோடு ஒப்பிடுவது. ஜே எர்லி 1970-இல் வெளியிட்ட முறை எந்தச் சூழல்சாரா இலக்கணத்தையும் (நம் மண்டி விதிகள் அந்த வகை) ஏற்கும், லுக்அஹெட் கவலை அதற்கு இல்லை. மோசமான நிலையில் நேரம் நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும், எனவே சின்ன வரிகளுக்கு மட்டும். இரண்டு பார்சருக்கும் ஒரே இலக்கணத்தைக் கொடுப்பதால், இலக்கணத்திலேயே தவறிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி தவறும். அதற்கு முதல் வழிதான் துணை.

## திரும்பி வரும்போது மிச்சம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது

எட்டிப் பார்ப்பது என்பது முயன்று பார்ப்பதுதான். முயற்சி தோற்றால் எதுவுமே நடக்காதது போல் பழைய இடத்துக்கு வர வேண்டும். உண்மையான தொல்லைகள் இங்கேதான்.

விதிக்குள் நாம் செருகிய நிரல் துண்டு, உதாரணமாக "பெட்டி எண்ணிக்கையைக் கூட்டு" என்பது, முயற்சி ஓட்டத்தில் ஒருமுறை, உண்மையான ஓட்டத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை ஓடினால், 40 பெட்டி 80 ஆகிவிடும். ஆன்ட்லர் மூன்று பேக்டிராக்கிங்கின்போது இப்படிப்பட்ட செயல்களை அடக்கி வைக்கும், எப்போதும் ஓட வேண்டும் என்று நாமே குறித்தவற்றைத் தவிர. ஆன்ட்லர் நான்கு கணிப்பின்போது செயல்களை ஓட்டாது. ஆனால் விதிக்குள் நாம் எழுதிய நிபந்தனைக் கோவைகளை மதிப்பிடக்கூடும். கையால் எழுதிய பெக் பார்சரில் எல்லாப் பொறுப்பும் நம் தலையில். டெஸ்ட் எளிது: ஒவ்வொரு செயலும் எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் ஒரு மாறியை வை, இனங்களின் எண்ணிக்கையோடு அது பொருந்துகிறதா என்று பார்.

லெக்சர் பக்கம் இதைவிட நுட்பமானது. பார்சர் சொல்வதைக் கேட்டு லெக்சர் நடந்துகொள்ளும் மொழிகள் உண்டு. சி மொழியில் புதிதாகப் பெயரிட்ட வகையை லெக்சர் உடனே வகைப்பெயர் என்று அடையாளம் காண வேண்டியிருப்பது பழைய உதாரணம். நம் மண்டியில், "புது ரகம் பீத்தர்" என்று ஒரு வரி வந்தால் அதற்கு அப்புறம் பீத்தர் என்பது ரக டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். பார்சர் அந்த வரியை முடிக்கும் முன்பே, லுக்அஹெட்டுக்காக அடுத்த வரியை லெக்சர் டோக்கனாக வெட்டிவிட்டிருந்தால், அங்கே பீத்தர் இன்னும் அறியாத சொல்தான். அறிவித்த உடனே அடுத்த டோக்கனிலேயே பயன்படுத்தும் டெஸ்ட்டும், நடுவில் பல வரி விட்டுப் பயன்படுத்தும் டெஸ்ட்டும் இரண்டுமே வேண்டும். முதலாவது தோற்று இரண்டாவது பாஸ் ஆனால் காரணம் இதுதான்.

நினைவில் வைத்துக்கொள்ளும் பார்சர்களுக்கு இன்னொன்று: முதல் முறை ஓடும்போது கிடைத்த விடையும், விடைகளைச் சேர்த்து வைக்கும் கேஷ் நிரம்பிய பிறகு கிடைக்கும் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஃபைல் தொகுப்பை வெவ்வேறு வரிசையில் ஓட்டு. ஒருமுறை கேஷைக் காலி செய்துவிட்டு ஓட்டு. பல த்ரெட்களில் ஒரே நேரத்தில் ஓட்டு. நிபந்தனைக் கோவை வெளி நிலையைச் சார்ந்திருந்தால், நினைவில் இருந்த பழைய விடை தப்பாக வந்து நிற்பதை இங்கே பிடிக்கலாம்.

## நேரத்தையும் சோதிக்க வேண்டும்

லாரி லோடுக்குள் ஊர்வாரியாக, ஊருக்குள் விவசாயிவாரியாக எழுத வசதி கேட்கிறார்கள். சரி, ஒரு இனத்தின் இடத்தில் அடைப்புக்குள் முழு வரி ஒன்றையே வைக்கலாம் என்று விதியைச் சேர்க்கிறோம். ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், பர்கூர் என்று ஊருக்கு ஒரு அடைப்பு, அதற்குள் ஆளுக்கு ஓர் அடைப்பு.

நினைவு வைக்காத பெக் பார்சரில் இப்போது என்ன நடக்கும்? வெளி வரி விற்பனை என்றால், முதலில் அதை வரவு என்று முயன்று, உள்ளடைப்பு முழுவதையும் படித்து, கடைசியில் தோற்று, மீண்டும் உள்ளடைப்பைப் படிக்கும். உள்ளே இருப்பதும் விற்பனை என்றால் அதுவும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு. ஆழம் 3 என்றால் 8 மடங்கு. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆழம் 20 என்றால் 10 லட்சத்துக்கு மேல். ஆழம் 30 என்றால் 107 கோடிக்கு மேல்.

எல்லா மட்டமும் வரவாக இருந்தால் இந்த இரட்டிப்பு நடக்கவே நடக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் முயற்சியே வெற்றி. ஆழத்தைச் சோதிக்கும் டெஸ்ட்டில் வரவு வரிகளை மட்டும் வைத்தவருக்கு வரைபடம் நேர்கோடாகத்தான் வரும். விதி வரிசையில் கடைசியாக இருப்பதை எல்லா மட்டத்திலும் வைப்பதுதான் உண்மையான சோதனை. பேக்ரட் முறையில் ஒவ்வொரு இடத்தின் விடையையும் நினைவில் வைத்தால் நேரம் நீளத்துக்கு நேர்விகிதமாகிவிடும். அதற்கு விலை நினைவகம்.

அளப்பது எப்படி? கடிகாரத்தை நம்ப வேண்டாம். டெஸ்ட் ஓடும் சர்வரில் வேறு வேலை ஓடினால் எண் ஆடும், டெஸ்ட் காரணமில்லாமல் சிவக்கும். அதற்குப் பதிலாக, டோக்கன் ஓடையின் மேல் ஒரு மெல்லிய உறையைப் போட்டு, எத்தனை முறை டோக்கன் கேட்கப்பட்டது என்று எண்ணலாம். நீளத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணிக்கையும் சுமார் இரட்டிப்பானால் நேர்கோடு. நான்கு மடங்கானால் இருபடி: ஒவ்வொரு இனத்திலும் பார்சர் வரியின் கடைசி வரை போய்வருகிறது என்று பொருள். 1,000 இனங்களில் இது சுமார் 20 லட்சம் முறை டோக்கன் கேட்பது, 10,000 இனங்களில் சுமார் 20 கோடி முறை. ஆழத்தை ஒன்று கூட்டும்போது எண்ணிக்கை இரட்டிப்பானால் மேலே சொன்ன அடுக்கேற்றம். ஆன்ட்லர் நான்கின் முறைக்கும் கோட்பாட்டளவில் மோசமான எல்லை நீளத்தின் நான்காம் அடுக்கு. நடைமுறையில் அபூர்வம் என்றாலும், நம் இலக்கணம் அந்த அபூர்வத்தில் சேர்ந்ததா என்பதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

## பிழைச் செய்தி

கணக்குப்பிள்ளை "விற்பனை" என்பதை "விறபனை" என்று தட்டிவிட்டார். தவறு கடைசி வார்த்தையில். ஆன்ட்லர் நான்கு "பொருந்தும் மாற்று விதி இல்லை" என்று சொல்லி, முடிவுப் புள்ளியிலிருந்து தவறான டோக்கன் வரை உள்ள உரை முழுவதையும் மேற்கோளாகக் காட்டும். இடைவெளிகளை லெக்சர் தூக்கி எறிந்திருந்தால் தோத்தாபுரி4022 என்று எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். நாற்பது இனம் உள்ள வரிக்கு இந்தச் செய்தி உதவாது. பெக் பார்சரோ பிழையை வரியின் முதல் எழுத்தில் காட்டக்கூடும், ஏனென்றால் கடைசியாகத் தோற்ற விதி அங்கேதான் தொடங்கியது. பைதானின் புதிய பார்சர் இதற்காகவே, தோற்ற ஃபைலை இரண்டாம் முறை தவறுகளைப் பிடிக்கும் தனி விதிகளோடு படிக்கிறது.

டெஸ்ட்டுக்கு, சரியான வரியை எடுத்து ஒரே ஒரு டோக்கனை மட்டும் கெடுத்து, பிழை அந்த இடத்தையே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கெடுக்க வேண்டிய இடங்கள்: முதல் இனம், நடு இனம், கடைசி வார்த்தை. கூடவே, கடைசி வார்த்தையே இல்லாத வரி, இரண்டு கடைசி வார்த்தைகளும் உள்ள வரி.

## இலக்கணத்தையே மாற்றிவிட்டால்?

இவ்வளவுக்கும் பதில், இரண்டு இனங்களையும் "ரகம் எண் எண்" என்ற ஒரே பொது இனமாக்கி, கடைசி வார்த்தை வந்த பிறகு இரண்டாவது எண்ணுக்குப் பொருள் கொடுப்பதுதானே? ஆம், நம் மண்டி மொழிக்கு நான் அதையே செய்வேன். எல்எல்(1) போதும், யாக் மோதலும் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டின் பொது விதியும் இதே தந்திரம்தான்.

ஆனால் இரண்டு இனங்களின் வடிவமும் பாதி ஒத்து, பாதி விலகியிருந்தால், உதாரணமாக விற்பனையில் மட்டும் கமிஷன் சதவீதமும் வரவில் மட்டும் வண்டி எண்ணும் விருப்பமாக வரலாம் என்றால், பொது இனம் இரண்டையும் எல்லா இடத்திலும் அனுமதித்துவிடும். வரவில் கமிஷன் எழுதியதைப் பிடிக்கும் வேலை பார்சரை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அங்கே அதற்குத் தனி டெஸ்ட் எழுத வேண்டும், அந்தக் கட்டத்தின் பிழைச் செய்திகளுக்கு வரி எண்ணும் இட எண்ணும் கொண்டுபோக வேண்டும். அப்படி விலகும் வடிவங்கள் இரண்டு மூன்றைத் தாண்டினால் வரம்பற்ற லுக்அஹெட்டை வைத்துக்கொள்வதே எனக்குச் சிக்கனமாகத் தோன்றுகிறது. எதைத் தேர்ந்தாலும், மாற்றும் முன் பழைய பார்சரை உடனே அழிக்காமல், மண்டியில் உண்மையாக வந்த வரிகளை இரண்டிலும் ஓட்டி மரங்களை ஒப்பிட்டுவிடுவது நல்லது. பைதான் 3.9 பழைய பார்சரையும் ஒரு தேர்வாக உள்ளே வைத்தே வெளிவந்தது; அது நீக்கப்பட்டது 3.10-இல்தான்.